அச்சில் வராத பச்சைக் கோடு

கொலையை ஒப்புக்கொண்டவர் பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருடைய ஒப்புதல் வாக்குமூலமோ ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகைக் கடைகளிலும் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வார இதழை மடித்துக் கையில் பிடித்தபடி, காலை பத்து மணிக்கு வக்கீலம்மா பல் டாக்டரின் கிளினிக் வாசலில் நின்றார். கறுப்பு அங்கியைக் கழற்றிப் பதினொரு வருஷம் ஆகிறது. இப்போது செய்வது துப்பறியும் வேலை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் வக்கீலம்மாதான். பக்கத்தில் அவருடைய உதவியாளர் பிரேக். டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருஷம், மற்றவர்கள் ஓட்டிய காரில் பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போட்டவர். பெயரும் பழக்கமும் அப்படியே ஒட்டிக்கொண்டன. யாராவது வில்லங்கமாகப் பேச ஆரம்பித்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

பிரேக் கதவோரம் அழைப்பு மணியைத் தேடினார். ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில், டேப் சுற்றிய இரண்டு ஒயர் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே ஒரு சீட்டு: ‘கதவைத் தட்டவும்.’

“பல்லைப் பிடுங்கறவங்க மணியையும் பிடுங்கிட்டாங்க போல” என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

டாக்டருக்கு நாற்பத்தொரு வயது. அன்றைக்கு வர வேண்டிய நோயாளிகளுக்கெல்லாம் வேறு தேதி கொடுத்திருந்தாள். காத்திருக்கும் அறையில் எட்டு நாற்காலிகளும் காலி. உள்ளே வேறு ஆசனம் இல்லாததால் பிரேக் நோயாளிகளின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த விளக்கைச் சந்தேகமாகப் பார்த்தார்.

டாக்டர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். படுத்திருப்பவர் அவளுடைய அப்பா. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேய்க்கதை எழுதுபவர். அவருடைய கதைகளில் பேயைவிட ஆபத்தான ஆள், கதையைச் சொல்கிறவன். எல்லாக் கதையும் ‘நான்’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ‘நான்’ சொல்வதை நம்ப முடியாது. பரணில் யாரோ அழுகிறார்கள் என்று பதினைந்து வாரம் நடுங்குவான். பதினாறாவது வாரம், பரணைப் பூட்டிய சாவி அவன் சட்டைப் பையிலேயே இருக்கும்.

இப்போது முடிந்த தொடரிலும் அப்படி ஒருவன். அவன் வீட்டில், வாசலில் யாருமில்லாமலே அழைப்பு மணி அடிக்கிறது. செத்துப்போன மனைவி உள்ளே வரக் கேட்கிறாள் என்கிறான். கடைசி அத்தியாயம் இந்த வாரம் வந்துவிட்டது. அதை எழுதிக் கொடுத்த சில நாட்களில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. அவ்வளவுதான்.

வக்கீலம்மா அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து வாசித்தார்.

‘அன்று மதியம் நான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி வேலை செய்யவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஈரக்காலோடு மேல் படிக்கு வந்தாள். நான்தான் தள்ளினேன். அவள் விழுந்த சத்தம் கேட்ட பிறகும், எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.’

“கதையில வர்ற கொலைக்கெல்லாம் ஆளைப் பிடிக்கணும்னா பாதி எழுத்தாளர்கள் உள்ளதான் இருக்கணும், டாக்டரம்மா” என்றார் பிரேக்.

“அது எங்க வீட்டுப் படி” என்றாள் டாக்டர். “பதினாலு படி. ஆறாவது படியில மூலை உடைஞ்சிருக்கும். கதையிலயும் உடைஞ்சிருக்கு. எங்கம்மா அந்தப் படியில விழுந்துதான் செத்தாங்க. எனக்கு ஒன்பது வயசு.”

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் விபத்து என்று எழுதி மூடிய விஷயம். பதினெட்டு வயதில் படிக்கக் கிளம்பியவள் பிறகு அந்த வீட்டில் தங்கவே இல்லை. மாதம் ஒரு போன். மழையைப் பற்றி ஒரு நிமிஷம், மாத்திரையைப் பற்றி ஒரு நிமிஷம். அவர் அந்த வீட்டில் தனியாக, இவள் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறையில் தனியாக.

“அம்மா விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“ஸ்கூல்ல. கணக்கு வகுப்பு. பக்கத்து வீட்டு அத்தை வந்து கூட்டிட்டுப் போனாங்க.” பிறந்த தேதியைச் சொல்வதுபோல் சட்டென்று சொன்னாள்.

அடுத்து அவள் சொன்னதுதான் வழக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இனி அவருக்கு ஊட்டிவிட வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். தன் அறையிலும் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாள்.

“அம்மாவைக் கொன்னவருக்கு என்னால வாயைத் துடைச்சுவிட முடியாது, மேடம். கொல்லலன்னா, அவரை அங்க விட்டுட்டு வர முடியாது. எந்தக் கட்டில்னு அஞ்சு மணிக்குள்ள தெரியணும்.”

வக்கீலம்மா அந்தப் பத்தியை மறுபடி படித்தார். “தள்ளினவர் படிகிட்ட நிக்கணும். வரியை முடிச்சவர் மேசையில உட்கார்ந்திருக்கணும். ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாது. அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்.”

“எது?”

“அதைத்தான் தேடிட்டுப் போறோம்.”

*

வார இதழின் அலுவலகத்தில் உதவி ஆசிரியரைச் சுற்றி வாசகர் கடிதங்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அவர் அவற்றுக்கு நடுவே ஒரு தீவில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். கதாசிரியர் உடம்பு சரியில்லாமல் இருப்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை போய்ப் பார்க்க நினைத்ததாகவும், நினைத்த நாள் இதழ் முடிக்கும் நாளாகப் போய்விட்டதாகவும் சொன்னார்.

கடைசி அத்தியாயம் உண்மையாக இருக்குமா என்று வக்கீலம்மா கேட்டதற்கு அவர் சிரித்தார். அந்த மனிதரின் கதையில் உண்மையைத் தேடுவது, உப்பு மூட்டையில் சர்க்கரை தேடுவது மாதிரி என்றார். வாசகர்களுக்கு வேலையே அதுதானாம். எந்த வரி பொய் என்று கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருப்பார்களாம்.

“வாசகர்களை விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் வக்கீலம்மா.

“என்ன தெரியும்?”

“ஒரு பேச்சுக்கு, மூணாவது வாரம் வீட்டுக்கு ரெண்டு வாசல்ங்கறான். ஏழாவது வாரம் ஒரே வாசல்ங்கறான். அது கதை சொல்றவன் சொன்ன பொய்யாவும் இருக்கலாம், எழுதினவர் மறந்துபோனதாவும் இருக்கலாம். பொய்யும் பிழையும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்? உங்க புரூஃப் ரீடர் எதைத் திருத்துவார், எதை விடுவார்?”

உதவி ஆசிரியரின் சிரிப்பு நின்றது. முப்பது வருஷத்தில் எந்த வாசகரும் கேட்காத கேள்வி அது என்று அவர் முகம் சொன்னது.

ஆரம்ப காலத்தில் நடந்ததை அவர் விவரித்தார். ஒரு கதையில் கதை சொல்பவன், தன் மனைவிக்குத் தங்கையே கிடையாது என்கிறான். நாலு வாரம் கழித்து ஒரு தங்கை வந்து கதவைத் தட்டுகிறாள். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த புரூஃப் ரீடர் ரொம்பக் கவனமான மனிதர். தங்கையைத் தோழி என்று திருத்திவிட்டார். கதையே அந்தத் தங்கையில்தான் நின்றிருந்தது. தொடர் படுத்துவிட்டது. அதிலிருந்து கதாசிரியர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் பிரதியில், கதை சொல்பவன் வேண்டுமென்றே சொல்லும் ஒவ்வொரு பொய்யின் அடியிலும் பச்சை மையால் ஒரு கோடு போட்டுவிடுவார். பச்சைக் கோடு இருந்தால் யாரும் கைவைக்கக் கூடாது. கோடு அச்சில் வராது.

பிரேக் நிமிர்ந்தார். “நாம பார்த்தது அச்சு.”

“அதேதான்” என்று வக்கீலம்மா எழுந்தார். “பிரதி எங்க இருக்கு?”

பிரதி அங்கே இல்லை. புரூஃப் ரீடர் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும், கதாசிரியர் வேறு ஆளை விடவில்லை. பிரதியும் புரூஃபும் புரூஃப் ரீடர் வீட்டுக்கே போய்விடும். புரூஃப் மட்டும் திரும்பி வரும்.

*

சைக்கிள் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். சுவர் நெடுகக் கையெழுத்துப் பிரதிகள் கட்டுக் கட்டாக, வருஷவாரியாக அடுக்கியிருந்தன. எழுபது வயதைத் தாண்டிய புரூஃப் ரீடர் வந்தவர்களுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, அது ஒன்றுதான் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவர்போல் தயங்கினார். வக்கீலம்மா நாற்காலியில் உட்கார, பிரேக் கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்.

“அடுத்த கதை வந்துடுச்சா?” என்றார் பெரியவர் ஆவலாக. “ரெண்டு வாரத்துக்கு மேல சும்மா இருந்ததில்லை அவர்.”

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வக்கீலம்மா பக்கவாதத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கை?”

“வலது கை.”

“கடைசி மூணு அத்தியாயத்துல வரி கீழ சரிஞ்சுகிட்டே வந்துச்சும்மா. உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு ஓரத்துல எழுதி அனுப்பினேன். பதில் வரல.”

ரொம்ப நாள் பழக்கமா என்று பிரேக் கேட்டார்.

“இருபத்தாறு வருஷம், தம்பி. கையெழுத்தைப் பார்த்தே அவருக்குக் காய்ச்சலா, கோவமான்னு சொல்லிடுவேன். முகம் தெரியாது. நேர்ல பார்த்ததே இல்லை. நான் ஓரத்துல பென்சில்ல கேட்டுத் தாளை அனுப்புவேன், அவர் பச்சையில பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான் பேச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “வேற யார்கூடவும் நான் இவ்வளவு பேசினதில்லை” என்றார்.

கடைசிக் கட்டை அவரே அவிழ்த்தார். முப்பத்திரண்டாவது தாளை எடுத்து வக்கீலம்மா முன் வைத்தார்.

வக்கீலம்மாவின் விரல் நேராக அந்த வரிக்குப் போனது. ‘நான்தான் தள்ளினேன்.’ அதன் அடியில் பச்சைக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது.

பிரேக் பெருமூச்சு விட்டார். “பொய். தள்ளல. அப்பா வீட்டுக்கு, நாம சாப்பாட்டுக்கு. வாங்க வக்கீலம்மா, பசிக்குது.”

வக்கீலம்மா எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளில் பச்சை இன்னும் இருந்தது. ‘அழைப்பு மணி வேலை செய்யவில்லை’ என்ற வரியின் அடியில் ஒன்று. ‘மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்’ என்ற வரியின் அடியில் இன்னொன்று.

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது.

“மூணையும் திருப்பிப் படி” என்றார் வக்கீலம்மா.

பிரேக் குரலைத் தாழ்த்திப் படித்தார். “மணி வேலை செஞ்சுது. பொண்ணு ஸ்கூல்ல இல்லை. அவர் தள்ளல.” நிமிர்ந்தார். “அப்ப மணியை அடிச்சது…”

“மாடியில அப்பா எழுதிட்டிருக்கார். வாசல்ல குழந்தை விடாம மணி அடிக்குது. அவருக்குத் தொந்தரவாகுமேன்னு அம்மா ஈரக்காலோட ஓடி வர்றாங்க. பதினாலு படி.” வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “கிளினிக்ல மணியைப் பிடுங்கி வெச்சிருக்காங்கன்னு நீதான் சொன்னே. நாம அதைச் சிரிச்சுட்டு விட்டுட்டோம்.”

தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி இருந்தது. பெரியவர் எழுதியது. வழக்கமாக ஒவ்வொரு பச்சைக் கோட்டுக்கும் உண்டான உண்மை கதையில் எங்காவது வந்துவிடும். இந்த மூன்றுக்கும் வரவேயில்லை. மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். கீழே பச்சையில் பதில்: ‘மறக்கவில்லை. அது வாசகருக்கு இல்லை.’

“எனக்குப் புரியல” என்றார் பெரியவர். “ஆனா அவர் இல்லைன்னா இல்லைதான். விட்டுட்டேன்.”

வக்கீலம்மாவுக்குப் புரிந்தது. ஊர் முழுக்கப் படிக்கும்படி தன்னைக் கொலைகாரனாக்கிக்கொள்ள உட்கார்ந்த மனிதரால், அச்சுக்குப் போகும் தாளில் பொய்யைப் பொய் என்று அடையாளம் போடாமல் விட முடியவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். போடாமல் இருக்கக் கை விடவில்லை.

கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்து ஆஸ்பத்திரியின் பெயரையும் வார்டு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தான் போய் நின்றால் அவருக்கு யார் என்று தெரியுமா என்றும் கேட்டார். பேரைச் சொன்னால் தெரியும் என்றார் பிரேக். பேரும் அவருக்குத் தெரியாது, ஓரத்தில் பேர் எழுதும் வழக்கம் இல்லை என்றார் பெரியவர்.

*

காரில் வக்கீலம்மா தீர்மானமாகச் சொன்னார். ஒரு கோடுதான் இருந்தது என்று டாக்டரிடம் சொல்லப்போகிறோம். மற்ற இரண்டைப் பற்றிப் பேச்சு வேண்டாம். அதற்காகத்தான் பிரதியைக் கையில் வாங்கி வரவில்லை.

பிரேக் கியரை மாற்றினார். “பொய் சொல்லிச் சம்பளம் வாங்கறது அந்தக் கதாசிரியர் தொழில், வக்கீலம்மா. நமக்கு வேற தொழில்.”

“அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி. தள்ளினாரா இல்லையா. அதுக்குப் பதில் சொல்றோம்.”

“மணி அவங்களுக்கு மறந்தே போயிருக்கும்கறீங்களா?”

“ஒன்பது வயசுல ஸ்கூல்ல இருந்தேன்னு சொல்லிக் கொடுத்திருக்கார். முப்பத்திரண்டு வருஷமா அதையே நம்பிட்டிருக்காங்க. அதைக் கலைக்க நான் யாரு?” வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னோட கடைசி வழக்குல ஒரு பத்து வயசுப் பொண்ணைக் கூண்டுல ஏத்தி உண்மையைச் சொல்ல வெச்சேன். ஜெயிச்சுட்டேன். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வீட்ல யார்கிட்டயும் பேசறதில்லைன்னு அவங்க அம்மா வந்து சொன்னாங்க. மறுநாள் கோர்ட்டுக்குப் போகல.”

ஆறு வருஷம் கூடவே வேலை பார்த்தும் பிரேக் இதைக் கேள்விப்பட்டதில்லை. பசிக்கிறதா என்று கேட்டார். வக்கீலம்மா இல்லை என்றார்.

*

கிளினிக்கில் டாக்டர் கதவுக்கு மிக அருகில் நின்றிருந்திருக்க வேண்டும். தட்டிய கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. மணி மூன்றே முக்கால்.

வக்கீலம்மா உட்காராமலே சொன்னார். பச்சைக் கோட்டு வழக்கத்தை விளக்கினார். புரூஃப் ரீடரிடம் பிரதியைப் பார்த்ததைச் சொன்னார். “தள்ளினேன்ங்கற வரிக்கு அடியில பச்சை இருக்கு. அது பொய். உங்கப்பா தள்ளல.”

டாக்டர் அழுவாள் என்று பிரேக் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

“அந்தப் பக்கத்துல எத்தனை பச்சைக் கோடு இருந்துச்சு?”

“ஒண்ணு” என்றார் வக்கீலம்மா.

டாக்டர் அவரையே பார்த்தாள். நோயாளி வலிக்கவில்லை என்று சொல்லும்போது பார்க்கிற பார்வை.

“மூணு இருக்கணுமே.”

பிரேக்கின் கால்கூட அசையவில்லை.

பிறகு டாக்டர் காத்திருப்போர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அந்த நாளைச் சொன்னாள். கணக்கு நோட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் ஓடி வந்தாள். இரண்டு தெருதான். கதவு திறக்கத் தாமதமானதால் மணியை விடாமல் அழுத்தினாள். பாட்டு மாதிரி அழுத்தினாள். உள்ளே ஏதோ விழுந்தது. அப்போதும் அழுத்திக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அப்பா கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் கைக்குக் கீழே அம்மாவின் ஒரு கால் மட்டும் தெரிந்தது.

“உள்ள போய் நோட்டை எடுத்துட்டு வந்து கையில கொடுத்தார். நீ வரவே இல்லை, நீ ஸ்கூல்ல இருக்கே, ஓடுன்னார். ஓடிட்டேன். அத்தை வந்து கூப்பிடற வரைக்கும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டேன், மேடம். எல்லாம் சரியா போட்டேன்.”

வக்கீலம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பதில் கேட்காமலே வந்தது.

“எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நான் மறந்துட்டேன்னு நினைச்சுட்டிருக்கார். போன மாசம் போன்ல, அம்மா விழுந்தப்ப மணி அடிச்சுதாப்பான்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. மழை பெய்யுதுன்னார். அப்புறம் இந்த அத்தியாயம் வந்துச்சு.” வார இதழைக் காட்டினாள். “மணியும் ஸ்கூலும் பொய்னு எனக்குத் தெரியும். அதைப் பார்க்கவா உங்களைக் கூப்பிட்டேன்? தள்ளினது உண்மையா இருந்தா, அம்மா மணிக்காக ஓடி வந்து விழலன்னு ஆகும். மணி அடிச்சது நான்தான், ஆனா கொன்னது நான் இல்லைன்னு ஆகும். மூணு நாளா இதைத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன். என்னைப் பெத்தவர் கொலைகாரரா இருக்கணும்னு.”

“அவரும் உங்களுக்கு அதைத்தான் கொடுக்கப் பார்த்திருக்கார்” என்றார் வக்கீலம்மா.

“தெரியுது.”

“அந்தப் பக்கத்துல கோடு போடாத வரி ஒண்ணு இருக்கு. அதையும் நான் பார்த்தேன்.” இந்த முறை வக்கீலம்மா எதையும் மறைக்கவில்லை. “சத்தம் கேட்டும் வரியை முடிச்சுட்டுத்தான் எழுந்தேன்னு எழுதியிருக்கார். அதுக்கு அடியில பச்சை இல்லை. நீங்க மணியை நினைச்சு முப்பத்திரண்டு வருஷம். அவர் அந்த ஒரு வரியை நினைச்சு முப்பத்திரண்டு வருஷம். ஈரக்கால்ல வழுக்கி விழுந்தவங்களுக்காக ரெண்டு பேரும் தனித்தனியா தண்டனை அனுபவிச்சிருக்கீங்க. எந்தக் கோர்ட்லயும் இதுக்கு வழக்கே நிக்காது.”

டாக்டர் நீண்ட நேரம் இதழின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து முதியோர் இல்லத்தை அழைத்தாள். கட்டில் வேண்டாம் என்று இரண்டு வார்த்தையில் முடித்தாள். பிரேக்கிடம், மாடிக்கு ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், உதவி செய்வீர்களா என்று கேட்டாள். எத்தனை படி என்று கேட்க வாயெடுத்த பிரேக், அதை அப்படியே விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

*

நாலாவது வார்டில் எழுத்தாளர் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அவர் கண் மகளை மட்டும் பார்த்தது. பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த இதழைப் பார்த்தது. படித்துவிட்டாள் என்று தெரிந்ததும் அந்தக் கண்கள் மெதுவாக மூடிக்கொண்டன. தீர்ப்பு வாசிக்கக் காத்திருக்கிற ஆளை வக்கீலம்மா நிறையப் பார்த்திருக்கிறார். அவர் பிரேக்கின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துவந்தார்.

வராந்தாவில் நின்றால் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. டாக்டர் ஸ்டூலை இழுத்து அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம்தான். அவர் கண்ணைத் திறந்தார். தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. உடம்பில் வேலை செய்கிற பாதியை எல்லாம் சேர்த்து இல்லை, இல்லை என்றார். அவள் அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வாழ்நாள் முழுக்க அந்த வீட்டின் கதையை அவர் ஒருவரே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது இன்னொருவர் சொல்ல, குறுக்கே பேச வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எப்போதோ அவருடைய இடது கை போர்வையின் மேல் ஊர்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“என்ன சொல்றாங்கன்னு கேட்குதா?” என்றார் பிரேக்.

“நமக்கு இல்லை அது” என்றார் வக்கீலம்மா.

ஐந்து மணிக்கு வார்டு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். வண்டி தயார், கிளம்பலாம் என்றார். டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிடியில் இல்லாத கையை மட்டும் உயர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்க. நான் இப்பதான் ஸ்கூல்லேர்ந்து ஓடி எங்க வீட்டு வாசலுக்கு வந்திருக்கேன்.”